தொண்ணூறில் ஒரு சிவப்புக் கோடு

மகளின் நிச்சயதார்த்தத் தட்டில் யார் சுட்ட அதிரசம் இருக்க வேண்டும்? பெற்றவள் சுட்டதா, சித்தி சுட்டதா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள். கஜலட்சுமியும் அப்படித்தான் நினைத்திருந்தாள், தர்ஷனா வாயைத் திறக்கும்வரை.

"அம்மா, ஞாயித்துக்கிழமை தட்டுக்கு அதிரசம் மட்டும் நிஷா சித்திக்கிட்ட சொல்லிருவோமா? நீங்க ஏன் கஷ்டப்படணும்?"

கஜலட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதனால் கண் கலங்கியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏன், என் கைக்கு என்னடி வந்துச்சு?"

"கைக்கு ஒண்ணும் இல்லம்மா. போன தீபாவளிக்குச் சுட்டது கொஞ்சம்... கடிக்கக் கஷ்டமா இருந்துச்சுல்ல. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க மாத்தளையில இருந்து வர்றாங்க. அவங்கம்மா முதல்ல அதிரசத்தைத்தான் பிச்சுப் பாப்பாங்களாம்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் நடராஜா, மாநகர சபையில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், இல்லாத சளியை இருமினார். அவர் இருமினால் மகள் சொல்வது சரி என்று அர்த்தம். கஜலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் புள்ளை தட்டுக்கு என் கையால சுடாம வேற எவ கையால சுடுறது? நான் இன்னும் செத்துப் போகல" என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

கட்டுக்கலைப் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள், கஜலட்சுமியின் அதிரசம் பற்றி யாரும் சொல்வார்கள். பிள்ளையார் கோயில் விசேஷமா, கொழும்பு வீதியில் புதுக் கடை திறப்பா, ஆள் அனுப்பி அழைப்பார்கள். அதிரசத்தில் மா இடிப்பது ஒரு வேலை, சுடுவது ஒரு வேலை. ஆனால் உயிர் இருப்பது வெல்லப் பாகில்தான். பாகு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். மெத்தென்று உருள வேண்டும், ஆனால் ஓடக்கூடாது. அந்த நொடியில் அடுப்பை அணைக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் மாவு எண்ணெயில் பிரிந்து போகும், கொஞ்சம் பிந்தினால் பல்லைப் பதம் பார்க்கும். கஜலட்சுமியின் விரலுக்கு அந்த நொடி தெரியும். தெரியும் என்பதைவிட, தெரிந்திருந்தது என்பதுதான் சரி.

ஏனென்றால் சீனி வியாதி அவளைப் பிடித்துச் சில வருஷங்கள் ஆகின்றன. முதலில் கால் விரல்கள் மரத்தன. இப்போது கை விரல் நுனிகளும் துணி சுற்றியதுபோல ஆகிவிட்டன. சுடுகிறதா, ஒட்டுகிறதா, உருள்கிறதா, ஒன்றும் தெரிவதில்லை. இதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிஷமே "நிஷாந்தினிக்கிட்டக் கொடுத்துரு" என்பார்களே! அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும்.

நிஷாந்தினி யார் என்று சொல்லிவிடுகிறேன். நடராஜாவின் தம்பி ரமேஸின் பெண்சாதி, கஜலட்சுமிக்கு ஓரகத்தி. கலஹாப் பக்கத்துத் தோட்டக் குடும்பம். படித்து, பேராதனையில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறாள். கல்யாணப் பேச்சு வந்தபோதே கஜலட்சுமி, "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா..." என்று இழுத்தாள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாததால்தான்.

எரிச்சல் தொடங்கியது நிஷாந்தினியின் தலைத் தீபாவளி அன்று. கஜலட்சுமி வீட்டு அடுப்படியில் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் கூடி நின்றார்கள். கஜலட்சுமி பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். புதுப்பெண், பட்டுச் சேலையும் சிவப்புக் கியூடெக்ஸ் பூசிய நகமுமாக, ஒரு பித்தளை உறை போட்ட கண்ணாடிக் குச்சியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கடுகண்ணாவை ஊர்ப் பழஞ்சாமான் கடையில் வாங்கியதாம். வெள்ளைக்காரன் காலத்துத் தெர்மோமீட்டராம்.

"அக்கா, பதம் வந்ததும் சொல்றீங்களா? இதை ஒரு தடவை உங்க சட்டியில வச்சுப் பாக்குறேன்."

அடுப்படியே சிரித்தது. கஜலட்சுமியும் சிரித்தாள், ஆனால் உள்ளுக்குள் கொதித்தாள். இத்தனை பேருக்கு நடுவில் என் பதத்தைச் சோதிக்கிறாளா? பாகுக்குக் காய்ச்சல் பார்க்கிறாளா? இருந்தாலும் பதம் வந்ததும், "வச்சுக்க, வச்சுக்க, உன் ஆசையைக் கெடுப்பானேன்" என்று விலகி நின்றாள். நிஷாந்தினி வைத்தாள், பார்த்தாள், "தேங்க்ஸ்க்கா" என்றாள், போய்விட்டாள். அன்றைக்கு அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த அதிரசத்தை யாரும் தொடவில்லை. கஜலட்சுமி அதைக் கவனித்தாள், மனசுக்கு இதமாகவும் இருந்தது.

ஆனால் அதற்கடுத்த வருஷத்திலிருந்து நிஷாந்தினியின் அதிரசம் தலைகீழாக மாறியது. மெத்தென்று, ஓரம் மட்டும் மொறுமொறுவென்று, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. ரமேஸ் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து வைப்பான். "அண்ணி, ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க." கஜலட்சுமி, "எனக்கு சுகர் தம்பி" என்று தப்பித்துக்கொள்வாள். எல்லாரும் தூங்கப் போனபின் கால்வாசியைப் பிட்டு வாயில் போட்டுப் பார்ப்பாள். நன்றாக இருக்கும். அதுதான் கொடுமை. சுமாராக இருந்தால் மன்னித்திருப்பாள்.

பொறாமை என்ற வார்த்தையை அவள் ஒருநாளும் தன் கணக்கில் சேர்த்ததில்லை. "எனக்கென்ன பொறாமையா?" என்று மட்டும் அடிக்கடி கேட்பாள். யாரும் கேட்காதபோதும் கேட்பாள்.

மகள் அப்படிப் பேசிய மறுநாள் காலை கஜலட்சுமி வெற்றிலை பாக்குத் தட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேராதனைக்கு பஸ் ஏறினாள். நெருங்கின சொந்தத்தை நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும், அதுதானே முறை. அது வெளிக்காரணம். உள்காரணம் அந்தக் கண்ணாடிக் குச்சி.

அன்றைக்கு லீவில் இருந்த நிஷாந்தினி ஓடிவந்து வரவேற்றாள். "வாங்கக்கா, வாங்க! ஒரு போன் போட்டிருந்தா நாங்களே வந்திருப்போமே."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள் கஜலட்சுமி. கதிரையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, புது கர்ட்டினைப் பார்த்து, அது தன் வீட்டுக் கர்ட்டினைவிட நல்லதா என்று யோசித்து, நல்லதுதான் என்று தெரிந்து எரிந்து, பிறகு சொன்னாள். "அதிரசத்துக்கு நான் மா இடிக்கப் போறேன். என் கையாலதான் சுடப் போறேன்."

"உங்க கையால சுட்டாத்தான்க்கா அழகு. நான் வந்து கூடமாட உதவி செய்யட்டா?"

"வேணாம், வேணாம். உனக்கு வேலை இருக்கும்."

அப்போது பார்த்து வாசலில் பக்கத்து வீட்டுச் சகீனா யாரோ பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டு வந்தாள். நிஷாந்தினி அவளோடு பேசப் போனாள். கஜலட்சுமி பூனைபோல அடுப்படிக்குள் நுழைந்தாள்.

அடுப்புக்கு மேலே ஆணியில் அந்தக் குச்சி தொங்கியது. உச்சியில் ஆங்கிலத்தில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து பொறித்திருந்தது. அடி ஆத்தே, புருஷன் பேரின் முதலெழுத்தைப் பொறித்துக்கூட வைத்திருக்கிறாள் என்று கஜலட்சுமிக்கு அதற்கும் ஒரு எரிச்சல். நடராஜாவின் 'என்'னைத் தான் எங்கேயும் பொறித்ததில்லையே! கீழே இலக்கங்கள். இருபது, முப்பது, நாற்பது என்று ஏறிக்கொண்டே போயின. தொண்ணூறு என்ற இடத்தில் குறுக்கே சிவப்பாய் ஒரு கோடு இழுத்திருந்தது.

தொண்ணூறு! இதுதானா உன் கைப்பக்குவம்?

நிஷாந்தினி திரும்பி வந்தபோது கஜலட்சுமி கதிரையில் அமர்ந்து, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அழைப்பைச் சொன்னாள், தேத்தண்ணி குடித்தாள், புறப்பட்டாள். பஸ்ஸில் கெட்டம்பே தாண்டும்வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புருஷனை டவுனுக்கு விரட்டினாள். "கேக் சாமான் விக்கிற கடையில சூடு பாக்குற தெர்மோமீட்டர் இருக்குமாம். நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"உனக்கெதுக்கு தெர்மோமீட்டர்? நீதான் விரல்ல பாப்பியே."

"கேள்வி கேக்காம போங்க."

அவர் வாங்கிவந்தது புதுமாதிரி. ஊசி முனை, மேலே குட்டித் திரை, இலக்கம் மினுங்கும். கஜலட்சுமி அரிசி ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகாமல் இடித்துச் சலித்து, இரண்டு பங்காகப் பிரித்து மூடி வைத்தாள். ஒரு பங்கை மட்டும் எடுத்தாள். வெல்லம் கரைந்து, வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏறியது. ஊசியைச் சட்டிக்குள் விட்டாள்.

எழுபது. எண்பது. எண்பத்தைந்து. பாகு இன்னும் சரியாகக் கொதிக்கக்கூட இல்லை. ஓரத்தில் மட்டும் சின்னக் குமிழிகள்.

தொண்ணூறு.

இது பாகே இல்லை, வெல்லத் தண்ணீர் என்று அவளுடைய முப்பது வருஷ அனுபவம் அலறியது. கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்குத் தெரிந்தது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டினாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். விரல் பொய்த்துப் போனவளுக்குக் கண்ணும் மூக்கும் பொய்யாக இருக்குமோ என்ற பயம் வந்துவிட்டது. கூடவே அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டு ஓதியது: 'அவளோடது ஏன் அவ்வளவு மெத்துனு இருக்கு? நீதான்டி இத்தனை வருஷமா அதிகமாக் காய்ச்சிட்ட. அவ சீக்கிரமா எறக்கிடுறா. அதுதான் ரகசியம்.'

அடுப்பை அணைத்தாள். மாவில் ஊற்றிக் கிளறினாள். கூழாக இருந்தது. நாளைக்கு இறுகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் எண்ணெய்ச் சட்டியில் முதல் அதிரசத்தைப் போட்டாள். போட்டது போட்ட இடத்திலேயே கரைந்து பிரிந்து, எண்ணெய் முழுக்கக் கறுப்புத் தூளாகப் பொரிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கோபத்தில் வீசிப் போட்டதில் எண்ணெய் தெறித்தது. தர்ஷனா வாசனை பிடித்து ஓடிவந்தாள். சட்டியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். துணியை எடுத்துத் தெறித்த எண்ணெயைத் துடைக்கத் தொடங்கினாள். அந்தத் துடைப்புதான் கஜலட்சுமியைக் கொன்றது.

"என்ன சூட்டுல எறக்குன?" என்று நடராஜா கேட்டார்.

"தொண்ணூறு."

"தொண்ணூறு சென்டிகிரேட்டா? யார் சொன்னா?"

கஜலட்சுமி கரண்டியால் கறுப்புத் தூளை அள்ளத் தொடங்கினாள். நடராஜாவுக்கு இலக்கம் என்றால் உயிர். பேப்பர் ஓரத்தில் பேனாவை வைத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். "ஒருவேளை பாரன்ஹீட்டா இருக்குமோ? காய்ச்சல் பாக்குறமே, அந்த அளவு. தொண்ணூறுல முப்பத்திரண்டைக் கழிச்சு, அஞ்சால பெருக்கி, ஒன்பதால வகுத்தா... முப்பத்திரண்டு வருது. அட, இது மார்ச் மாசத்து வெயில்டி! சட்டியை மொட்டை மாடியில வச்சிருந்தாலே பாகு வந்திருக்குமே!"

அவர் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். கஜலட்சுமிக்கோ வேறொன்று பொறிதட்டியது. ரெண்டு கணக்கிலும் வரவில்லை என்றால் அந்தக் கோடே பொய்க்கோடு! தான் பார்ப்பாள் என்று தெரிந்தே அந்தக் கள்ளி வேண்டாத இடத்தில் கோட்டைப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறாள். தட்டில் அவள் அதிரசம் ஏறவேண்டும், மாத்தளைக்காரி அதைப் பிட்டுப் பார்த்து மெச்ச வேண்டும், பெற்றவள் மூலையில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்!

ஊசி முனைத் தெர்மோமீட்டரையும், ஒரு டப்பாவில் அந்தக் கூழ் மாவையும் சாட்சிக்கு எடுத்துப் பையில் போட்டாள். "எங்க போற?" என்று புருஷன் கேட்டபோது அவள் படியிறங்கிவிட்டிருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை எடுக்கவும் மறந்து பஸ் ஏறினாள்.

நிஷாந்தினி வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் நனைந்து நின்ற அக்காவைக் கண்டு திகைத்துப் போனாள்.

"அக்கா! என்னாச்சு? தர்ஷனா நல்லா இருக்கா?"

"அவளுக்கென்ன, சித்தி இருக்கும்போது!" கஜலட்சுமி டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தாள். "பாரு. நல்லாப் பாரு. உன் தொண்ணூறோட லட்சணத்தைப் பாரு. உனக்கு என் மேல இவ்வளவு வஞ்சமாடி? பொய்க்கோடு போட்டுத் தொங்கவிட்டிருக்கியே, என் புள்ளை காரியத்துலதானா உன் கைவரிசையைக் காட்டணும்?"

நிஷாந்தினி டப்பாவைப் பார்த்தாள். மாவைத் தொட்டு, ஒட்டிய தன் விரலைப் பார்த்தாள். அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. "நீங்க... நம்ம தெர்மோமீட்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். திருட்டுத்தனமாத்தான் பாத்தேன். இப்ப என்ன?" திருடியதைவிட ஏமாந்தது பெரிதாகத் தெரியும் நேரங்கள் உண்டு. கஜலட்சுமிக்கு அது அப்படி ஒரு நேரம்.

நிஷாந்தினி அவளை அடுப்படிக்குள் கூட்டிப்போனாள். கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். ஆணியிலிருந்து குச்சியை எடுத்தாள். கஜலட்சுமியின் பையிலிருந்து எட்டிப் பார்த்த புதுத் தெர்மோமீட்டரையும் எடுத்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தபோது இரண்டையும் ஒரே கேத்தலுக்குள் விட்டாள்.

"இப்பப் பாருங்கக்கா."

புதியதில் தொண்ணூற்றெட்டு. பழையதில் எண்பதுக்குச் சற்றுக் கீழே நின்றது. எவ்வளவு நேரம் வைத்தாலும் அதற்கு மேலே ஏறவில்லை. ஒரே கேத்தல், ஒரே தண்ணீர்.

"இது சென்டிகிரேட்டும் இல்ல, பாரன்ஹீட்டும் இல்ல. றெயோமர்னு ஒரு பழைய அளவு. இந்த 'ஆர்' அதோட எழுத்து. வித்த கடைக்காரர் பளீல் நானாதான் சொன்னாரு, முன்ன ஒரு காலத்துல ஐரோப்பாவுல மிட்டாய் செய்யிறவங்க இந்த அளவைத்தான் பாவிச்சாங்களாம். தண்ணி உறையிறது ரெண்டுலயும் பூஜ்யம்தான். ஆனா கொதிக்கிறது புதுசுல நூறு, இதுல எண்பது. நம்ம ஊரு மலையில இருக்கிறதால ரெண்டுலயும் ஒரு சொட்டு முன்னாடியே கொதிச்சிருது. எனக்கும் முதல்ல தெரியாதுக்கா, எத்தனை சட்டி கெட்டுப் போச்சு தெரியுமா?"

கஜலட்சுமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கு என்று சொன்னால் அவளுக்கு வராது. ஆனால் அளவு என்று சொன்னால் வரும்.

"அப்ப இது அரிசி அளக்குற பெரிய சுண்டு மாதிரி" என்றாள் மெதுவாக. "அது சின்னச் சுண்டு. ஒரே அரிசியைத்தான் அளக்குறோம். பெரிசால நாலு அளந்தா, சின்னதால அஞ்சு வரும்."

"அதேதான்க்கா! நாலுக்கு அஞ்சு. நான் புரிஞ்சுக்க எத்தனை நாளாச்சு!"

"பெரிய சுண்டால தொண்ணூறுன்னா... நாலுக்கு ஒண்ணு கூடப் போடணும். தொண்ணூறுல கால்வாசி இருபத்திரண்டரை." அவள் விரல் மேசையில் கோடு போட்டது. "நூத்துப் பன்னிரண்டரை."

"நூத்துப் பன்னிரண்டரை" என்று நிஷாந்தினியும் சொன்னாள்.

கோபம் வழுக்கிக்கொண்டு போவது கஜலட்சுமிக்குத் தெரிந்தது. விட மனசில்லை. இவ்வளவு தூரம் நனைந்து வந்தது சும்மாவா? "சரி, கோடு பொய்யில்ல. கெட்டிக்காரிதான் நீ. எங்க பிடிச்ச அந்தப் பதத்தை? எவ சொல்லிக் குடுத்தா?"

நிஷாந்தினி குச்சியைத் துடைத்து அவள் கையில் கொடுத்தாள். "கோட்டைப் பாருங்க, மை இல்ல அது. கியூடெக்ஸ். என் தலைத் தீபாவளி அன்னைக்கு நான் பூசியிருந்த கியூடெக்ஸ்."

கஜலட்சுமி பார்த்தாள். சிவப்பு மங்கி, ஓரம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

"உங்க சட்டியிலதான்க்கா வச்சேன். நீங்க பதம்னு சொன்ன நேரம் உள்ள பாதரசம் எங்க நின்னுச்சோ, அங்கேயே வீட்டுக்கு வந்து கோட்டைப் போட்டேன். அது என் கோடு இல்ல, உங்க கோடு. அன்னைக்கு எல்லாரும் உங்க தட்டைத்தான் சுத்தி நின்னாங்க. நான் தூக்கிட்டு வந்ததை ஒருத்தரும் தொடல. ராத்திரி அழுதேன், தெரியுமா? அப்படிப் பொறாமை உங்க மேல. நான்தான்க்கா முதல்ல திருடினேன்."

கஜலட்சுமி அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தடவினாள். இத்தனை வருஷம் யார் அதிரசத்தைப் பார்த்து வயிறெரிந்தாள்? ராத்திரியில் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு யார் பதத்தைப் பார்த்து வெந்தாள்? தன்னுடையதை! சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது, அதற்குள் ஒரு புதுப் பொறாமையும் தலைகாட்டியது. என் பதம் இவள் வீட்டு ஆணியில் தொங்குகிறது, என்னிடம் இல்லை.

"அக்கா, கை!" நிஷாந்தினி அவள் வலக்கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல்களின் மேல் எண்ணெய் தெறித்த இடத்தில் கொப்புளம் பெரிதாகக் கிளம்பியிருந்தது. "இது எப்ப சுட்டுச்சு?"

கஜலட்சுமி கொப்புளத்தையே பார்த்தாள். அப்போதுதான் அதைக் காண்கிறாள்.

பார்மசியில் நிற்பவளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. நிஷாந்தினி மருந்தை எடுத்துவந்து பூசினாள். "எவ்வளவு நாளாக்கா இப்படி?"

"தர்ஷனாவுக்குச் சொல்லாத" என்றாள் கஜலட்சுமி. "கல்யாணம் முடியட்டும். கிளினிக்குக்கு நானே போறேன். அவளுக்கு மட்டும் சொல்லாத." மருந்து பூசிய கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "என் புள்ளை தட்டு நிஷா. அது என் கையால போகணும். வேற ஒண்ணும் கேக்கல நான்."

வெள்ளிக்கிழமை நிஷாந்தினி அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கட்டுக்கலைக்கு வந்தாள். மிச்ச மா ஈரத்துணிக்குள் பத்திரமாக இருந்தது. பாகு கொதித்தது. கஜலட்சுமி குமிழியைப் பார்த்தாள், மூக்கை நீட்டி வாசம் பிடித்தாள்.

"வந்துருச்சு" என்றாள் கம்பீரமாக.

நிஷாந்தினி அடுப்பை அணைக்கவில்லை. குச்சியைச் சட்டிக்குள் பிடித்தபடி அதிலேயே கண்ணாக நின்றாள். கஜலட்சுமிக்குச் சுர்ரென்று ஏறியது. என் அடுப்படியில், என் சட்டிக்கு முன்னால்!

"எவ்வளவு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"எண்பத்தெட்டு."

கஜலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தாள். பாதரசம் கோட்டைத் தொடும்வரை அவளும் காத்து நின்றாள். அந்தக் கொஞ்ச நேரம்போல நீளமான நேரம் அவள் வாழ்க்கையில் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாத்தளைச் சம்பந்தி வடிவம்மா, சொன்னபடியே, தட்டில் வேறெதையும் தொடாமல் அதிரசத்தைப் பிட்டாள். ஓரம் மொறுக்கென்றது, நடு நூலாகப் பிரிந்தது. வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். "யார் கைப்பக்குவம்?" என்றாள்.

நிஷாந்தினி வெற்றிலைத் தட்டை ஒழுங்குபடுத்துவதில் மும்முரமாகிவிட்டாள். நடராஜா இருமத் தயாரானார். தர்ஷனா அவசரமாக ஒன்றை எடுத்துக் கடித்தாள், முகம் மலர்ந்தது.

"அம்மா! அப்படியே நிஷா சித்தி செய்யிற மாதிரியே இருக்கே!"

போன வாரம் என்றால் கஜலட்சுமி அந்த இடத்திலேயே வெந்து சாம்பலாகியிருப்பாள். இப்போது அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"இல்லடி. உன் சித்தி செய்யிறது என்னோடது மாதிரி இருக்கு."